முழுமையடையாத நிரூபணத்தோடு கரும்பலகைக்குப் போங்கள்

அன்புத் தங்கைக்கு,

நியூசிலாந்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது; ஒரு 0-1 வரிசை எப்போது உண்மையில் தற்செயலானது என்று கேட்கும் தற்செயல்தன்மைக் கோட்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு; வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை; வாரச் சந்திப்பில் நெறியாளரிடம் சொல்ல ஒன்றுமே இருப்பதில்லை. இதை வைத்து வேலை கிடைக்குமா, இப்போதே தரவு அறிவியலுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நாட்டில் இதே துறையில் 14 ஆண்டுகளைக் கழித்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சேர்ந்திருந்தால் முதலில் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அதன் பின்தான் ஆய்வு. மொத்தம் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். இங்கே முதல் நாளிலிருந்தே ஆய்வுதான். உதவித்தொகையும் மூன்று, மூன்றரை ஆண்டுக் கணக்கில்தான் வரும். அடித்தளத்தை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். நம் துறை பற்றி டவுனியும் ஹிர்ஷ்ஃபெல்ட்டும் 2010இல் வெளியிட்ட நூல் 800 பக்கத்தைத் தாண்டும். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். உங்கள் கேள்விக்கு எது தேவையோ அங்கே நுழைந்து, புரியாததைத் தேடிப் பின்னோக்கிப் படியுங்கள். இதே துறை பற்றிய ஆந்த்ரே நீஸின் 2009ஆம் ஆண்டு நூலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல ஒன்றுமே இல்லை என்கிறீர்களே, எனக்கு அதில்தான் கவலை. நானும் அதே பள்ளத்தில் விழுந்தேன். முதல் ஆண்டில் நான்கு மாதம் ஒரே ஒரு நிரூபணத்தோடு மல்லுக்கட்டினேன். மார்ட்டின்-லோஃப் வரையறைப்படி (கணினியால் நடத்தக்கூடிய எந்தப் புள்ளியியல் சோதனையிலும் சிக்காதபடி) தற்செயலாகவும், கணக்கிடும் திறனில் தாழ்ந்ததாகவும் இருக்கும் ஒரு தொடரை, அதாவது 0, 1 மட்டுமே வரும் முடிவிலி வரிசையை, கட்ட வேண்டும். தாழ்ந்தது என்றால், அந்தத் தொடரை ஆரக்கிளாக (நிரல்கள் வேண்டும்போது கேட்டுப் பார்க்கும் விடைப்பட்டியலாக) கையில் கொடுத்தாலும், ஒரு நிரல் என்றாவது நிற்குமா என்று கேட்கும் நிறுத்தற் சிக்கல் முன்பிருந்ததைவிடக் கடினமாகிவிடக் கூடாது. ஃப்ரீட்பெர்கும் முச்னிக்கும் 1956-57இல் தனித்தனியே கண்டுபிடித்த, நிபந்தனைகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி நிறைவேற்றும் முன்னுரிமை முறையைக் கையில் எடுத்தேன். ஒரு நிபந்தனையைக் காப்பாற்றினால் இன்னொன்று உடைந்தது. நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. சந்திப்புகளில் "போய்க்கொண்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லி வந்தேன்.

கடைசியில் ஒருநாள் காட்டினேன். நெறியாளர் கரும்பலகையில் இரண்டே வரி எழுதினார். மார்ட்டின்-லோஃப் தற்செயல் தொடர்கள் மட்டுமே அடங்கிய, வெறுமையில்லாத ஒரு பை-ஜீரோ-ஒன் வகுப்பு (ஒரு நிரல் வேண்டாதவற்றை விலக்கிக்கொண்டே போனபின் எஞ்சும் தொடர்களின் தொகுப்பு) உண்டு. அப்படிப்பட்ட எந்த வகுப்பிலும் தாழ்ந்த உறுப்பு ஒன்று இருந்தே தீரும் என்று ஜாக்குஷும் சோரேவும் 1972இல் நிரூபித்திருக்கிறார்கள். அவ்வளவுதான், முடிந்தது. அவர் கோபப்படவில்லை. "முதல் வாரமே ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆசிரியர் முன்னால் தவறாகப் பேசிவிடக் கூடாது என்று நம்மில் பலர் சிறுவயதிலேயே பழகிவிட்டோம். இங்கே நெறியாளரின் மௌனத்துக்கு அலட்சியம் என்று பொருள் இல்லை. நீங்கள் பேசுவதற்காக அவர் காத்திருக்கிறார்.

இந்தத் துறையில் தவறை வெளியே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துறை மிகச் சிறியது. ஒருவரிடம் உள்ள உத்தி இன்னொருவரின் கேள்விக்குத் திறவுகோலாகிவிடும். கே-டிரிவியல் தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் ஒவ்வொரு தொடக்கத் துண்டையும் விவரிக்க, அதன் நீளத்தைச் சொல்லத் தேவையான தகவலே ஏறக்குறையப் போதும். தற்செயலுக்கு நேர் எதிர்முனை அது. அவை ஒவ்வொன்றையும், நிறுத்தற் சிக்கலைத் தீர்க்க முடியாத ஒரு தற்செயல் தொடரைக் கொண்டு கணக்கிட்டுவிட முடியுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது. முடியும் என்ற விடை ஒரே ஆளிடமிருந்து வரவில்லை. வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு துண்டுகளை நிரூபிக்க, அவை ஒன்றோடொன்று பொருந்தின. 2014இல் வந்த கூட்டு அறிவிப்பில் ஏழு பேரின் பெயர்கள் இருக்கின்றன, அகரவரிசையில். நம் துறையில் பெயர் வரிசைக்கு அதற்கு மேல் பொருள் கிடையாது. வேறு துறையினர் அமரும் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது இதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

வீட்டார் என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் திணறுவதாக எழுதியிருந்தீர்கள். காசு சுண்டிய கதையைச் சொல்லுங்கள். பூவும் தலையும் மாறி மாறி ஆயிரம் முறை விழுந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நிகழ்தகவுக் கணக்கில் அந்த வரிசைக்கும் ஒழுங்கே இல்லாத வேறொரு வரிசைக்கும் ஒரே மதிப்புதான். பிறகு ஏன் ஒன்றை மட்டும் சந்தேகிக்கிறோம்? முதலாவதை ஒரு குட்டி நிரலால் எழுதிவிடலாம், இரண்டாவதை அப்படிச் சுருக்க முடியாது. 1965இல் கோல்மோகோரவ் இந்த வழியில் போனார். 1966இல் மார்ட்டின்-லோஃப் புள்ளியியல் சோதனைகளின் வழியில் போனார். முடிவிலித் தொடர்களுக்குச் சுருக்கத்தின் அளவைத் தகுந்தபடி வரையறுத்தால், இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. எனக்கு இன்றும் இதை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தர இடங்கள் குறைவு. இரண்டு மூன்று போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), இரண்டு மூன்று நாடுகள் என்று அலைய நேரலாம். ஆனாலும் ஐந்தாம் மாதத்தில் விட்டுவிட வேண்டாம். பக்கத்துத் துறை ஒன்றில் ஒரு கால் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக் லுட்ஸும் நீல் லுட்ஸும் 2018இல் வெளியிட்ட கோட்பாடு, ஒரு புள்ளித் தொகுப்பின் ஹவுஸ்டார்ஃப் பரிமாணத்தை (பின்னமாகவும் இருக்கக்கூடிய பரிமாண அளவை) அதன் தனித்தனிப் புள்ளிகளின் தகவல் அளவிலிருந்தே பெற வழி செய்கிறது. வடிவியல் அளவைக் கோட்பாட்டுக்காரர்களிடம் பேச உங்களுக்கு அது ஒரு மொழி. லீன் போன்ற நிரூபண உதவி மென்பொருளைக் கற்பதும் வீண்போகாது.

மாநாடுகளைத் தவறவிடாதீர்கள். ஆசிய தர்க்கவியல் மாநாடு 1981இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2011இல் வெலிங்டனிலேயே நடந்தது. ஐரோப்பியக் கூட்டங்களுக்கு ஷெங்கன் விசா தேவைப்பட்டால் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

இனி, கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த லெம்மா (துணைத்தேற்றம்). தற்செயல் தொடரை ஒற்றை இடங்கள், இரட்டை இடங்கள் என்று இரண்டாகப் பிரித்த பின் அந்தப் பாதிகளுக்கு இடையே என்ன உறவு என்பதில் நின்றுவிட்டீர்கள். வான் லாம்பால்கன் தேற்றத்தைப் பாருங்கள்: முழுத் தொடர் தற்செயலானது என்றால், ஒரு பாதி தற்செயலானது, அதை ஆரக்கிளாகக் கொடுத்தாலும் மறுபாதியும் தற்செயலாகவே நிற்கும்; இவை இரண்டும் சேர்ந்து இருந்தால் முழுத் தொடரும் தற்செயலானது என்ற மறுதலையும் உண்மை. அதைக் கொண்டு இரண்டு நாள் முயலுங்கள். வராவிட்டால் அடுத்த குழுக் கருத்தரங்கில் 20 நிமிடம் கேட்டு வாங்கி, எங்கே உடைகிறதோ அந்த வரியையே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா