பென்ஷன் வாங்க சங்கத்தில் சேர வேண்டுமா?

கேள்வி: என் கணவர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதங்களுக்கு முன்பு, 61 வயதில் காலமானார். குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணையில்) என் பெயர் சரசு, ஆதாரில் சரஸ்வதி. முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒன்றின் பொறுப்பாளர், ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் மனு போகும் என்கிறார். கட்டணம் போக, வரும் நிலுவைத் தொகையில் பத்தில் ஒரு பங்கும் கேட்கிறார். அசல் பி.பி.ஓ.வையும், கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்றுத் தாள்களையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். நான் செய்தது தப்பா?
– ஒரு வாசகி, குடியாத்தம் அருகே

பதில்: அம்மா, பென்ஷனுக்கும் சங்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கணவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர், பி.பி.ஓ.வில் மனைவி என்று உங்கள் பெயர் ஏறியிருக்கிறது. அது போதும். அவர் இறந்த மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் உங்களுக்குச் சேரவேண்டிய பணம். மனு நாளை போனாலும் அடுத்த மாதம் போனாலும் கணக்கு அந்த மறுநாளிலிருந்துதான். இடைப்பட்ட காலத்துக்கு நிலுவையாக வந்துவிடும். "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் போய்விடும்" என்று யார் சொன்னாலும் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் கிளார்க்காக 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வேலூர்ப் பக்கத்தில் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கிராமங்கள் உண்டு. புரோக்கர்களும் அங்கேதான் அதிகம் திரிகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

சங்கம் என்றாலே மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலையில் ஓய்வு பெற்றவர்களுக்கு அதிகாரிகளைப் போல ஆள் பலம் கிடையாது. ஒரே பதவி, ஒரே சேவைக்காலத்துக்கு ஒரே பென்ஷன் என்ற திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது என்றால், முன்னாள் படைவீரர்கள் ஒன்றாகத் தெருவில் உட்கார்ந்து போராடியதும் அதற்கு ஒரு காரணம். நல்ல சங்கம் சந்தா வாங்கும், ரசீது கொடுக்கும், ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்டும், ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஒரு ஆளை அனுப்பும். அப்படி ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் துக்கம் ஆறிய பிறகு, உங்களுக்கு விருப்பமிருந்தால் சேருங்கள். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் அதை அரசே நடத்துகிறது என்று அர்த்தமில்லை. அசோகச் சக்கரம் போட்ட லெட்டர்பேடும் அப்படித்தான்.

இந்தப் பத்தில் ஒரு பங்கு விஷயத்துக்கு வருகிறேன். இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று 1871-ம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், 12-வது பிரிவில் சொல்கிறது. ஆகவே பயந்து கொடுக்க வேண்டியதில்லை. புரோக்கருக்கும் இது தெரியும். அதனால்தான் ஒப்பந்தம் என்று எழுதாமல் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு அதையே கைமாற்றுக் கடன் பத்திரமாக நிரப்பிக்கொள்வார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா என்னிடம் வந்தார். கணவரின் பெயரும் ரெஜிமென்ட் நம்பரும் வெள்ளை பெயின்டில் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டியை மகன் தலையில் சுமந்து வந்தான். டிஸ்சார்ஜ் புக், பதக்கம், கேண்டீன் கார்டு எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. பி.பி.ஓ. இருக்கவேண்டிய பிளாஸ்டிக் உறை மட்டும் காலி. நிலுவைப் பணம் வந்த அன்றே வங்கி வாசலில் நின்று பாதியை வாங்கிக்கொண்டு போன ஆள், பி.பி.ஓ.வைத் திருப்பித் தரவே இல்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அது அரசு அலுவலகம், கட்டணம் கிடையாது. இறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புக், உங்கள் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், பி.பி.ஓ. நகல் கொண்டுபோங்கள். பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையத் தளம் வழியாகப் பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதிய அலுவலகத்தில் இருந்து நேராகக் கணக்குக்கு வருவதால், இறந்த தகவலையும் உங்கள் விவரங்களையும் அதில் ஏற்ற வேண்டும். ஸ்பர்ஷ் சேவை மையமாகச் செயல்படும் வங்கிக் கிளை அருகில் எங்கே என்று நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கணவரின் கணக்கில் பழைய பென்ஷன் இன்னும் விழுந்துகொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். இறந்த தேதிக்குப் பின் வந்ததைத் திரும்பப் பிடித்துவிடுவார்கள்.

எனக்கு ஆத்திரம் வரும் இடம் இதுதான். முன்பு வங்கி மேனேஜரிடம் முகம் பார்த்துப் பேசி முடித்த காரியம் இது. இப்போது, பட்டன் போன் வைத்திருக்கும் பெண்ணை ஆங்கிலத் திரைக்கு முன்னால் நிறுத்தி ஓ.டி.பி. கேட்கிறார்கள். அந்த ஓ.டி.பி. போய்ச் சேருவதோ இறந்துபோன மனிதரின் நம்பருக்கு! நாட்டுக்காக உழைத்தவன் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக முடியாதா? புரோக்கர்களை வளர்ப்பது இந்த ஏற்பாடுதான். அது மாறும்வரை, கணவரின் சிம் கார்டை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அந்தப் போனை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி.யைப் படித்துக் காட்டாதீர்கள்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் தடுக்கி விழுவது இதில்தான். கல்யாணம் ஆன புதிதில் உங்கள் கணவர் யூனிட்டில் பெயர் கொடுத்திருப்பார். வீட்டில் கூப்பிடும் 'சரசு' என்பதையே சொல்லியிருப்பார், வடநாட்டு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் உத்தரவில் ஏறிய அந்தப் பெயர்தான் பி.பி.ஓ. வரைக்கும் வந்திருக்கிறது. இதைக் காட்டி "ஆதாரைச் சரசு என்று மாற்றிவிடலாம், ஒரே நாளில் முடியும்" என்பார்கள். மாற்றாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். மாற்றினால் பான், பாஸ்புக், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் என்று எல்லாமே வேறாகிவிடும். தப்பு பட்டாளத்து ஏட்டில் இருக்கிறது, அங்கேதான் திருத்த வேண்டும். சரசுவும் சரஸ்வதியும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ஆதார் நகலோடு நல அலுவலகம் வழியாகப் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்புங்கள். மேற்கொண்டு ஏதாவது கேட்டால் எழுத்தில் கேட்பார்கள். கணவரின் ராணுவ எண்ணை ஒவ்வொரு தாளிலும் எழுதுங்கள், பெயரை விட அவர்கள் தேடுவது அதைத்தான். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்றெல்லாம் கவலை வேண்டாம், அது இதே பத்திரத்தில் தீர்ந்துவிடும்.

எவ்வளவு வரும்? ஓய்வு பெற்ற பின் இறந்தவரின் மனைவிக்கு, ஏழு ஆண்டுகள் அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது ஆகும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், கணவர் வாங்கிய பென்ஷனைத் தாண்டாமல். பிறகு 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாய். இரண்டு கட்டத்திலும் அகவிலைப்படி தனியாக உண்டு. அவருக்கு 61 என்பதால் உங்களுக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கூடுதல் விகிதம் வரும். அது முடிந்து பணம் சட்டென்று குறையும்போது "பென்ஷனை வெட்டிவிட்டார்கள், நான் மீட்டுத் தருகிறேன்" என்று அதே ஆள் மறுபடி வருவார். அந்தத் தேதியை இன்றே டிஸ்சார்ஜ் புக்கின் உள் அட்டையில் எழுதி வையுங்கள்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. ஆனால் நாளைக்கே மகனையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போய், பி.பி.ஓ.வையும் அந்த இரண்டு தாள்களையும் திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால், கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். அதன் நகலைக் காவல் நிலையத்திலும் நல அலுவலகத்திலும் கொடுத்து, ஒவ்வொரு இடத்திலும் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.