வீட்டிலேயே இருக்கிறான் என்ற நிம்மதி

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டான். கேரம் கிளப் பசங்க சகவாசம் வேண்டாம் என்று போன வருடம் நிறுத்தினோம். அதிலிருந்து வீட்டிலேயே இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்தோம். இப்போது டெலிகிராமில் ஏதோ குழுவில் சேர்ந்து குண்டுவெடிப்பு வீடியோ பார்க்கிறான். "செத்தவங்களுக்கு அது வேணும்" என்கிறான். அங்கே ஓர் 'அண்ணன்' சொல்வதுதான் வேதவாக்கு. போனை உடைத்துவிடலாமா?
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: போன் கிடக்கட்டும். வளர்ந்த பிள்ளை ஒரு வருடமாக வாசல் தாண்டவில்லை. இதில் என்ன நிம்மதி உங்களுக்கு? கஞ்சா, வெட்டுக்குத்து, போலீஸ் கேஸ் என்று வட சென்னையில் பிள்ளை வளர்க்கிறவர்களின் பயம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த கேரம் போர்டைச் சுற்றி நின்றவர்களுக்கு அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். கோணலாகப் பேசினால், "போடா, அம்மாகிட்ட சொல்றேன்" என்று தலையில் தட்ட ஆள் இருந்தது. அவர்களை நீங்களே விரட்டினீர்கள். காலியான இடத்தில் முகம் தெரியாதவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

எந்த இயக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. மதமோ இனமோ, வலை ஒன்றுதான். முதலில் ஓர் அநியாயத்தைக் காட்டுவார்கள். பல நேரம் அது நிஜமாகவே நடந்ததாக இருக்கும். கொதித்துப்போய் கமெண்ட் போடுகிறவனை மூடிய குழுவுக்குள் இழுப்பார்கள். பிறகு தனி மெசேஜ்: சாப்பிட்டியா, வேலை கிடைச்சுதா. கடைசியில், "வீட்டுல சொல்லாதே, அவங்களுக்குப் புரியாது." 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரைக் கொன்ற வெள்ளை இனவெறியன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான், ஒரே நாளில் 15 லட்சம் பிரதிகளை அந்த நிறுவனம் நீக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம், ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கும்பலின் தலைவன் ஸஹ்ரான் ஹாஷிம் யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் வெறுப்பைப் பரப்பியது தமிழில்தான்.

போனை உடைத்தால், வீட்டார் எதிரி என்று அந்த 'அண்ணன்' சொன்னது உண்மையாகிவிடும். "நிறுத்தினோம்" என்கிறீர்கள். நிறுத்த இரண்டு பேர் இருந்தீர்கள், உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லையா? அவன் அப்பா என்ன செய்கிறார்? இன்று மாலையே அவனைக் கிளப்புக்கு அவர் கூட்டிப் போகட்டும். வாசலில் விட்டுவிட்டு வரக் கூடாது, கூட நின்று ஆட வேண்டும். அவன் கோபத்தை முழுதாகக் கேட்கட்டும். அநியாயம் நடந்திருந்தால் ஒப்புக்கொள்ளட்டும். அப்பாவி செத்ததைக் கொண்டாடும் பேச்சுக்கு மட்டும் இந்த வீட்டில் இடமில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அது தகப்பன் கடமை, உங்கள் தலையில் கட்டக் கூடாது.

அந்த 'அண்ணன்' பணம் அனுப்பச் சொன்னாலோ, எங்காவது வரச் சொன்னாலோ, யாரையாவது தாக்கும் பேச்சு வந்தாலோ, மானம் போகுமே என்று மறைக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிருக்கும் நீங்கள் பொறுப்பு. அன்றைக்கே ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்குப் போங்கள். போனில் எதையும் அழிக்காமல் எடுத்துப் போங்கள்.