ஆமை வருவதற்கு முன்பே விளக்கு எரியட்டும்

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில், முதல் மாடி ஃபிளாட்டில் வசிக்கிறோம். தோட்டம் கிடையாது. ஒன்பது வயது மகள் ஆமை வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள். ஹெர்மன் வகைக் குட்டி ஆமை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கண்ணாடித் தொட்டி, விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக வாங்கிவிடலாம் என்கிறார் கடைக்காரர். ஊரிலிருந்து அம்மாவோ, "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று போனில் கண்டிக்கிறார். இதுவரை எந்தப் பிராணியும் வளர்த்ததில்லை. எப்படித் தயாராவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அம்மாவிடம், இது தானாகப் புகுந்த ஆமை இல்லை, நாங்களே பொறுப்பேற்று அழைத்து வருவது என்று பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்கு உங்கள் குடும்பத்தைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் அந்தக் குட்டி ஆமையைப் பற்றித்தான்.

முதலில் வயதுக் கணக்கு. நன்றாகப் பராமரித்தால் ஹெர்மன் ஆமை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். இங்கிலாந்தின் பவுடர்ஹாம் கோட்டையில் வாழ்ந்த டிமதி என்ற ஆமை, 1854-இல் கிரிமியப் போரின்போது கப்பலில் இருந்தது, 2004-இல்தான் இறந்தது. அது வேறு இனம், அபூர்வமான ஆயுள். ஆனாலும் உங்கள் மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அந்த விளக்கைப் போட்டு அணைக்கப் போவது நீங்கள்தான். அதற்குச் சம்மதமா என்று கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, கடைக்காரர் காட்டும் கண்ணாடித் தொட்டி வேண்டாம். ஆமைக்குக் கண்ணாடி ஒரு தடை என்றே புரியாது. நாள் முழுக்க அதை முட்டிக்கொண்டே ஓரமாக நடக்கும். காற்றோட்டமும் குறைவு. சிறிய தொட்டி முழுவதும் ஒரே சூடாகிவிடும் என்பதுதான் இன்னும் பெரிய சிக்கல். ஆமைக்குத் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெயிலுக்கு வந்து காயும், போதும் என்றால் நிழலுக்கு நகரும். அப்படி நகர அதற்கு இடம் வேண்டும். அதனால் மேலே திறந்த மரப்பெட்டி மாதிரியான 'ஆமை மேசை'தான் நல்லது. குட்டிக்கு நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் தொடங்கலாம். சுவர் ஓரடிக்குக் குறையாமல் இருக்கட்டும், ஆமைகள் நன்றாக ஏறும். வளர்ந்த பிறகு எட்டடிக்கு நாலடி வரை தேவைப்படும். அந்த மேசையை எந்த அறையில் போடுவீர்கள்? இன்றே டேப் வைத்து அளந்து பாருங்கள். இடம் இல்லை என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, விளக்குக்கு வருவோம். ஃபிளாட்டுக்குள் வளர்ப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஹெர்மன் ஆமைகள் இத்தாலி, பால்கன் நாடுகள் மாதிரி நல்ல வெயில் அடிக்கும் தென் ஐரோப்பியப் பகுதிகளைச் சேர்ந்தவை. வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் அவற்றின் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேரும். இல்லாவிட்டால் ஓடு மிருதுவாகிவிடும், கால் எலும்புகள் வளையும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஜன்னல் கண்ணாடி யுவிபி-யைத் தடுத்துவிடும். அதோடு லண்டனில் டிசம்பர் கடைசியில் எட்டு மணி நேரப் பகல்கூட இல்லை.

ஆகவே இரண்டு விளக்குகள் வேண்டும். ஒன்று, மேசையின் ஒரு முனையில் சூடு தருவது. அதன் நேர் கீழே, ஆமையின் முதுகு உயரத்தில் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். எதிர் முனையில் 20, 22 டிகிரி போதும். இன்னொன்று, டி5 எனப்படும் மெல்லிய வகை யுவிபி குழல் விளக்கு. மேசை நீளத்தில் பாதியையாவது அது ஒளியால் நிரப்பட்டும். சூடான முனையில் இரண்டு ஒளியும் ஒன்றாக விழ வேண்டும். எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதைத் தயாரிப்பாளர் சொன்னபடி வையுங்கள். வெளிச்சம் அப்படியே தெரிந்தாலும் யுவிபி தேய்ந்துகொண்டே வரும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டைமர் வைத்துப் பகலில் 12 மணி நேரம் எரியவிட்டு, இரவில் இரண்டையும் அணைத்துவிடுங்கள். சூட்டு விளக்கைச் சங்கிலியால் உறுதியாகக் கட்டுங்கள். அது விழுந்தால் தீப்பிடிக்கும்.

தரைக்கு, உரமோ மருந்தோ கலக்காத தோட்ட மண்ணில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மணல் கலந்து, நாலு அங்குல ஆழத்துக்குப் போடுங்கள். குட்டி அதற்குள் தோண்டிப் புதைந்து தூங்கும். அடிமண் லேசாக ஈரமாக இருக்கட்டும். ரொம்பக் காய்ந்த இடத்தில் வளரும் குட்டிகளுக்கு ஓடு மேடுமேடாகப் புடைத்துவிடும். ஒளிந்துகொள்ள ஒரு சிறு பெட்டி, ஏறி இறங்கத் தட்டையான கல், ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு வையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான நீரில், தாடை மூழ்காத அளவுக்குப் பத்து நிமிடம் உட்கார வையுங்கள்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பாசத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். சோறு, ரொட்டி, பருப்பு, பழம் எதுவும் வேண்டாம். கீரை நல்லதுதானே என்று பசலையை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு வேண்டியது களைச்செடிகள்: டேன்டிலையன், க்ளோவர் போன்றவை. மருந்து தெளிக்காத, நாய்கள் அதிகம் போகாத இடமாகப் பார்த்துப் பறியுங்கள். செம்பருத்தி இலையும் பூவும் கொடுக்கலாம். மேலே கொஞ்சம் கால்சியம் பொடி தூவுங்கள். எந்தச் செடி ஆமைக்கு ஆகும், எது ஆகாது என்று அடையாளம் கண்டு பறித்து வரும் வேலையை மகளிடம் ஒப்படையுங்கள். அந்த வயதுக்கு அருமையான வேலை.

அவளுக்கு ஒரு கண்டிப்பும் தேவை. ஆமையின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கூடாது. அதைக் குளிப்பாட்டிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. கார்பெட்டில் உலாவ விடுவதும் வேண்டாம். தரை குளிரும், நூலையும் முடியையும் தின்று வைக்கும். பாவம், தனியாக இருக்கிறதே என்று இரண்டாவது ஆமை வாங்கிவிடாதீர்கள். அவை தனியாக வாழப் பழகியவை, சேர்த்தால் சண்டைதான்.

பிரிட்டனில் ஹெர்மன் ஆமையை விற்பவரிடம், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விற்க அனுமதிக்கும் 'ஆர்ட்டிகிள் 10' சான்றிதழ் இருக்க வேண்டும். அதைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். ஊரில் இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது இந்தியாவில் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். யாராவது ரகசியமாகக் கொண்டு வந்து தந்தாலும் வாங்காதீர்கள்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல விளக்கும் வெயிலுக்கு ஈடாகாது. தோட்டம் உள்ள உறவினரோ நண்பரோ பக்கத்தில் இருந்தால், கோடை நாட்களில் ஆமையை அங்கே வேலி கட்டிய புல்வெளியில் விட வழி செய்யுங்கள். அதற்கு வழியே இல்லை, எட்டடி மேசைக்கும் இடமில்லை என்றால், தோட்டம் உள்ள வீட்டுக்கு மாறும்வரை பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். மகள் கொஞ்சம் அழுவாள், பரவாயில்லை.

இடம் இருக்கிறது என்றால், ஆமையை வாங்கும் முன்பே மேசையைப் போட்டு விளக்குகளை ஒரு வாரம் எரியவிடுங்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று இரு முனைகளிலும் வெப்பத்தை அளந்து மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சூடு ஏறி இறங்கினால் விளக்கின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். அந்த வாரத்திலேயே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரையும் தேடி வையுங்கள், எல்லா மருத்துவருக்கும் ஆமை பழக்கமிருக்காது. குளிர்கால உறக்கம் பற்றி அவரிடம் கேளுங்கள். நவம்பரில் ஆமை சோம்பிக் கிடந்தால் தூங்குகிறது என்று நீங்களாக விட்டுவிடக் கூடாது; அரைகுறைக் குளிரில் சாப்பிடாமல் கிடப்பது அதற்கு ஆபத்து.

வந்த முதல் சில நாள் அது சரியாகச் சாப்பிடாமல் ஒளிந்திருக்கலாம், கையில் எடுக்காமல் விடுங்கள். ஒரு வாரம் கழித்து எடை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, அதன் கழிவைப் புழு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துவிடுங்கள்.