வைட்டமின் டி3 காப்ஸ்யூல்: 3004-இல் போட்டதைச் சுங்கம் 2106-க்கு மாற்றிவிட்டால்

இறக்குமதி செய்த காப்ஸ்யூலை நீங்கள் 3004 (மருந்து) என்ற சுங்க வரிக் குறியீட்டில் காட்ட, இந்தியச் சுங்கத்துறை அதை 2106 (உணவுத் தயாரிப்பு) என்று மாற்றினால் என்ன செய்யலாம்? டப்பாவின் மேல் "டயட்டரி சப்ளிமென்ட்" (உணவுச் சப்ளிமென்ட்) என்று அச்சாகியிருந்தால் 3004 நிற்பது கடினம். காப்ஸ்யூல் வடிவம், டோஸ் கணக்கு இரண்டும் உங்களைக் காப்பாற்றாது.

காரணம் பெரும்பாலும் இதுதான்: சுங்க வரிப் பட்டியலில் மருந்துகளுக்கான அத்தியாயம் 30-இன் முதல் குறிப்பே உணவுச் சப்ளிமென்ட்டுகளை விலக்குகிறது. உடல்நலம் பேணும் வைட்டமின், எந்த நோய்க்கு என்று சொல்லாவிட்டால், பொதுவாக 2106-க்குத்தான் போகும் என்கிறது ஹெச்.எஸ். (சரக்குகளுக்கான சர்வதேசக் குறியீட்டு முறை) விளக்கக் குறிப்பு.

லேபிளையும் உள்ளே வைக்கும் துண்டுச்சீட்டையும் எடுத்துப் பாருங்கள். ரிக்கெட்ஸ் போல ஒரு நோயின் பெயர், அதற்கான டோஸ், எத்தனை நாள் என்பது இருக்கிறதா? சரக்கு வந்தது மருந்து இறக்குமதி உரிமத்திலா (படிவம் 10), எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதியிலா? இரண்டாவது என்றால் சண்டை வீண். முதலாவது பலம்தான், ஆனால் உரிமம் மட்டுமே வகைப்பாட்டை முடிவு செய்யாது.

வாதம் வலுவாக இருந்தால்:

1. சுங்கத்துறையின் மறுமதிப்பீட்டை ஏற்பதாக எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் சுங்கச் சட்டப் பிரிவு 17(5)-இன்படி 15 நாளில் வரவேண்டிய, காரணத்தை விளக்கும் உத்தரவு கிடைக்காது.

2. உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் கமிஷனரிடம் (அப்பீல்ஸ்) மேல்முறையீடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்குமேல் கிடையாது. சர்ச்சைக்குரிய வரியில் 7.5% முன்வைப்பாக (மேல்முறையீட்டுக்கு முன் செலுத்தும் தொகை) கட்டவேண்டும்.

"இப்போது கட்டிவிட்டு அப்புறம் ரீஃபண்ட் கேட்போம்" என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். மதிப்பீட்டை மேல்முறையீடு போன்ற சட்டப்படியான வழியில் மாற்றாமல் ரீஃபண்ட் கேட்க முடியாது என்று 2019-இல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.