பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கூச்சம் வருவது மற்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்வதாலா?

உங்கள் மகளுக்கு 15 வயது, கூடப் படிக்கும் பெண்களோடு தன்னை ஒப்பிட்டு ஒப்பிட்டே யாரிடமும் பேசாமல் ஒதுங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கூச்சமும் ஒப்பிடுவதால் வருவதில்லை. என் தங்கை நாலு வயதிலேயே வீட்டுக்கு யாராவது வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள், அந்த வயதில் யாரோடு ஒப்பிட்டிருப்பாள்? ஆனால் என் கூச்சம் அவளுடையதைப் போலச் சின்ன வயதிலேயே வந்ததில்லை, ஒப்பிட்டதால் வந்தது. அது ஆரம்பித்த நாளே எனக்குத் தெரியும்.

பத்தாவது வரை ஊர்ப் பள்ளியில் தமிழ் வழி, பிளஸ் ஒன்னுக்கு டவுனில் இங்கிலீஷ் மீடியம். முதல் நாள் அட்டெண்டன்ஸில் என் பெயர் வந்ததும் பழக்க தோஷத்தில் விறைப்பாக எழுந்து 'உள்ளேன் ஐயா' என்றேன். கூப்பிட்டது ஒரு மிஸ் வேறு. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில், எனக்கு முன்னால் உள்ள முப்பது பேரும் 'பிரசன்ட் மிஸ்' என்பதை எப்படிச் சொல்கிறார்கள், எவ்வளவு சத்தமாக, 'மிஸ்'ஸை இழுக்கிறார்களா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன், மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன், என் முறை வருவதற்குள் தொண்டை வறண்டு காற்றுதான் வரும். பதில் தெரிந்த கேள்விக்கும் இதே கதை. பேச வேண்டிய நேரத்தில் புத்தி முழுக்க அளந்து பார்ப்பதில் போய்விடும், அப்புறம் வாய் எங்கே திறக்கும்?

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே எழுதினார்: அளக்க வேறு வழி இல்லாத விஷயத்தில்தான் மனிதன் தன்னை ஒத்தவர்களைப் பார்த்துத் தன்னை எடைபோடுகிறான் என்று. உயரத்துக்கு டேப் இருக்கிறது, நன்றாகப் பேசுகிறோமா, பார்க்க நன்றாக இருக்கிறோமா என்பதற்கு என்ன டேப்? அந்த வயதில் முக்கியமாகப் படுவதெல்லாம் இந்த ரகம்தான். அதிலும் நாங்கள் ஒரே ஆளோடு ஒப்பிடமாட்டோம், ஒருத்தனுடைய இங்கிலீஷ், இன்னொருத்தனுடைய மார்க், வேறொருத்தனுடைய நிறம், மூன்றையும் சேர்த்து இல்லாத ஒருத்தனை உருவாக்கி அவனிடம் தோற்போம்.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வேறு. அமெரிக்காவில் 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு பாடகரின் படம் போட்ட, போட்டுக்கொள்ளவே கூச்சமான டி-ஷர்ட்டோடு ஒவ்வொரு முறையும் ஒரு மாணவரை மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள் போட்டவர்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 'நீ அவளைவிட அழகுடி' என்று மட்டும் தேற்றாதீர்கள், அதுவும் அதே தராசுதான். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது, வீட்டுக்கு வீடு 'அவளைப் பாரு' இன்னும் நின்றபாடில்லை. விருந்தாளி முன்னால் 'இவ ரொம்பக் கூச்ச சுபாவம்' என்று அறிமுகப்படுத்துவதையும் விடுங்கள். அவள் பேசியே ஆக வேண்டிய சின்ன வேலைகளைக் கொடுங்கள், தையல்காரரிடம் பிளவுஸ் அளவு சொல்வது, மெடிக்கலில் மாத்திரை வாங்குவது மாதிரி. அங்கே பக்கத்தில் ஒப்பிட ஆளிருக்காது. என்னை மாற்றியது அப்பா அனுப்பிய ரேஷன் கடை வரிசைதான். பள்ளிக்கே போகமாட்டேன் என்கிற அளவுக்குப் போனால் மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

சில வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் அந்த வகுப்பு நண்பன் ஒருவனைப் பார்த்தேன். 'உள்ளேன் ஐயா' அவனுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. "நீ மார்க் வாங்குற திமிர்லதான் எங்ககூடப் பேசமாட்டேங்கிறேன்னு நெனச்சோம்டா" என்றான்.