ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ விரிகுடாவில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கப் போகிறீர்களா?

கேள்வி: வெப்பமண்டலக் கடலில் 40 டைவ் முடித்திருக்கிறேன். நேராக ஸ்காப்பா ஃப்ளோ போகலாமா?

போகலாம், ஆனால் அதற்கு முன்னால் டிரை சூட்டில் (தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை) பத்துப் பதினைந்து டைவாவது முடித்துவிடுங்கள். அங்கே தண்ணீர் குளிர்காலக் கடைசியில் 6 டிகிரி, கோடை முடிவில் 13, 14. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் டிரை சூட் இல்லாமல் அங்கே யாரையும் இறங்கச் சொல்ல மாட்டேன். அந்தச் சூட்டுக்குள் இருக்கும் காற்று நீங்கள் தலைகீழானால் காலுக்கு ஓடிவிடும், அப்புறம் கால் மேலாக மேலே இழுத்துக்கொண்டு போகும். இதைச் சமாளிக்க ஆழம் குறைந்த இடத்தில் பழகுங்கள், 35 மீட்டரில் கற்றுக்கொள்ளக் கூடாது. விரல் மரத்து கிளிப்பைத் திறக்க முடியவில்லையா, அந்த டைவ் அதோடு முடிந்தது. உடனே துணைவருக்குச் சைகை காட்டி மேலே வாருங்கள்.

கேள்வி: என் பழைய ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) போதுமா?

10 டிகிரிக்குக் கீழே பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் போதும். இல்லையென்றால் குளிரில் உள்ளே பனி கட்டி, காற்று நிற்காமல் கொட்டலாம்.

கேள்வி: முதலில் எந்தக் கப்பல்?

கேட்டால் கோல்ன் என்ற ஜெர்மன் குரூசரைத்தான் சொல்வேன். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் கடற்படைக் கப்பல்களை அங்கே காவலில் வைத்திருந்தார்கள்; 1919 ஜூன் 21 அன்று அவற்றின் தளபதி அட்மிரல் வான் ராய்ட்டர் உத்தரவில் ஜெர்மானியர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். அங்கிருந்த 74 கப்பல்களில் 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பின்னாளில் மேலே தூக்கிவிட்டார்கள், மிஞ்சிய பெரிய கப்பல்கள் ஏழு: மூன்று போர்க்கப்பல்கள், நான்கு இலகுரகக் குரூசர்கள் (அவற்றைவிடச் சிறிய, வேகமான கப்பல்கள்). போர்க்கப்பல்கள் கவிழ்ந்து கிடப்பதால் முதலில் கண்ணில் படுவது வெறும் அடிப்பாகம்தான். அவற்றில் ஒன்றான மார்க்கிராஃப் 45 மீட்டர் ஆழம், அது பிறகு. கோல்ன் சுமார் 36 மீட்டரில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது, கப்பலின் வடிவம் புரியும், மனசு நிறையும்.

கேள்வி: உள்ளே நுழையலாமா?

அதற்கான பயிற்சி இல்லையென்றால் வேண்டாம். ஒரு துடுப்பு உதையில் வண்டல் கிளம்பினால் கை நீட்டும் தூரம்கூடத் தெரியாது, வழிக்கயிறு இல்லாதவருக்கு வாசல் கிடைக்காது.

கேள்வி: ஒரு சின்னத் துண்டு எடுத்துவரலாமா?

கூடாது. அந்த ஏழும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், எடுப்பது குற்றம். 1939-ல் 800-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக் பக்கம் டைவ் செய்யவே கூடாது, அது போர்க் கல்லறை. அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.