மின்சுற்று கிட் வாங்கலாமா?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்று வீட்டிலேயே சொல்லித்தர ஆசை. ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கு ஒரு கிட் பார்த்தேன். நூறு சோதனைகள் செய்யலாம் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் உதிரியாக வாங்குங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி இரண்டு, அவற்றை வைக்க ஒரு ஹோல்டர், இரண்டரை வோல்ட் டார்ச் பல்பும் அதற்கான ஹோல்டரும் இரண்டிரண்டு, ஒரு சுவிட்ச், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒயர்கள் ஐந்தாறு போதும். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். கிட்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

இரண்டு பல்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் மங்கலாக எரியும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைந்துவிடும். பிறகு ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரியிலிருந்து தனித்தனி ஒயர் கொடுக்கட்டும். இப்போது வெளிச்சம் கூடும்; ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். சமையலறை விளக்கை அணைத்தால் கூடத்து மின்விசிறி ஏன் நிற்பதில்லை என்று அந்த நேரத்தில் கேளுங்கள், அவளே சொல்லிவிடுவாள். நூறு சோதனைகளை அவசரமாக ஓட்டுவதைவிட இந்த ஒன்றில் ஒரு மாலை முழுவதும் செலவிடுவது எவ்வளவோ மேல்.

பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் நேரடியாக இணைக்க விடாதீர்கள், ஒயர் சுடும். பழைய செல்போன் பேட்டரியைத் தரவே கூடாது. சுவரில் உள்ள பிளக் பாயின்ட் 230 வோல்ட். சோதனைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அவளுக்கு ஆர்வம் நிலைத்தால் பிறகு கிட் வாங்கலாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரப் பொம்மை என்றால் முத்திரையோடு ஐ.எஸ். 15644 என்ற எண் இருக்க வேண்டும். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயர் பெட்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பொத்தான் பேட்டரியில் இயங்கும் கிட்டைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இது மிக முக்கியம்: விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். முத்திரை இல்லாத கிட் வந்து சேர்ந்தால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.